கம்பத்துக்குத் தண்ணி வந்தாச்சு

மலேசியாவின் குளுவாங்கில் உள்ள ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் செல்வராணி ஸ்டோர் பார்க்கிறாள். பத்தொன்பது வருடமாகத் திருகாணிகளை எண்ணி எண்ணி, உலகத்தில் எதுவும் திடீரென்று தீர்ந்துபோவதில்லை என்று தெரிந்துகொண்டவள். ஒரு பெட்டியில் ஆயிரம் திருகாணி இருக்கும். இருநூறு மிச்சமிருக்கும்போது ஒரு மஞ்சள் அட்டை தலையைக் காட்டும். ஒரு நாளைக்கு ஐம்பது செலவாகிறது, புதுப் பெட்டி வந்து சேர நாலு நாள் ஆகிறது, ஆகவே இருநூறு. அட்டை சொல்வது திருகாணி தீர்ந்துவிட்டது என்பதையல்ல, இப்போது கேட்டால்தான் தீரும்போது கையில் இருக்கும் என்பதை. இதை அவள் புதிதாக வேலைக்குச் சேர்கிற எல்லோருக்கும் விளக்குவாள். கேட்காதவர்களுக்கும் விளக்குவாள்.

அவள் கணவன் காளிதாஸுக்குத் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் குளுவாங்கில் டயாலிசிஸ். முன்பு பாமாயில் ஆலைக்குச் செம்பனைப் பழ லாரி ஓட்டியவன். சர்க்கரை முதலில் கண்ணையும் பிறகு சிறுநீரகத்தையும் பிடித்துக்கொண்டதால் இப்போது ஓட்டுவதில்லை. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அவனுக்கு அனுமதி. குடித்தது வெளியே போக வழியில்லாமல் முதலில் காலில் தேங்கும், பிறகு நுரையீரலுக்கு ஏறும். மெஷினில் உட்கார்ந்தால் இறங்கும்.

இருவரும் பாலோ என்ற ஊருக்கு வெளியே, செம்பனைக் காட்டையும் ஆற்றையும் ஒட்டிய ஒரு குடியிருப்பில் இருந்தார்கள். அறுபத்திரண்டு வீடு. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. இருக்கிறவர்கள் அதைக் கம்பம் என்பார்கள். கிராமத்துக்கு மலாயில் கம்போங் என்பது தமிழ் வாயில் கம்பமாகி மூன்று தலைமுறை ஆகிவிட்டது. கம்பத்திலிருந்து குளுவாங் போக ஒரே சாலை. அந்தச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒரு சிறிய பாலம்.

போன வெள்ளத்தின்போது காளிதாஸ் இரண்டு முறை டயாலிசிஸ் போகவில்லை. ஐந்தாம் நாள் படகில் ஏற்றும்போது அவன் கால் இரண்டும் அவன் கால் மாதிரி இல்லை, பேசவும் மூச்சு போதவில்லை. இன்னும் ஒரு நாள் ஆகியிருந்தால் கொண்டுவரத் தேவையே இருந்திருக்காது என்று டாக்டர் செல்வராணியிடம் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

தண்ணீர் வடிந்த பிறகு கம்பத்தில் எல்லோரும் மெத்தையைக் காய வைத்தார்கள். செல்வராணி மகேஸ்வரனின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மகேஸ்வரன் பள்ளத்துப் பாலத்துக்குப் பக்கத்தில் ஆடு வளர்க்கிறவன். வெள்ளம் வந்த நாளில் அவன் தன் பட்டியை அறுபது எழுபது தடவை படமெடுத்திருந்தான். படத்துக்குக் கீழே நேரம் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். காலை பதினொன்று பத்துக்குத் தண்ணீர் பட்டியின் காலைத் தொட்டது. மூன்று இருபதுக்குச் சாலையில் ஏறியது. கம்பத்தின் முதல் வீட்டு வாசலுக்கு வந்தது இரவு பத்தேகாலுக்கு.

"பாருங்க," என்றாள் காளிதாஸிடம். "ரோடு வீட்டவிடப் பள்ளம். வீட்டுக்குத் தண்ணி வர்றப்ப ரோடு போயி ஏழு மணி நேரம் ஆயிருது. வீட்டப் பாத்துக்கிட்டே இருந்தா கெளம்பவே முடியாது. நமக்கு மஞ்சள் அட்டை வீட்ல இல்ல, பள்ளத்துல இருக்கு."

"சரி," என்றான் காளிதாஸ். "எனக்கு ஐஸ் ஒரு துண்டு."

"காலையில ரெண்டு துண்டு ஆச்சு."

"அது சின்ன துண்டு."

இப்படித்தான் கம்பத்தில் வெள்ளத் தயார்நிலைக் குழு உண்டானது. தலைவர் சபாபதி. கோயில் தலைவரும் அவர்தான், ஒலிபெருக்கி அவர் வசம் இருந்தது, வேனும் இருந்தது. குழு ஒரு வருடத்தில் செய்ததைக் குறைசொல்ல முடியாது. பாலத்துக்கு அடியில் இருந்த குழாய்களில் அடைத்திருந்த செம்பனை மட்டை, மினரல் பாட்டில், ஒரு குழந்தை நாற்காலி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டார்கள். வீடுகளில் மின்சாரப் பிளக்குகளை மார்பு உயரத்துக்கு ஏற்றினார்கள். குளிர்பெட்டியைத் தூக்கி வைக்க வீட்டுக்கொரு இரும்பு மேசை அடித்தார்கள். பாலத்தின் ஓரத்தில், மகேஸ்வரன் பட்டிக்கு நேராக, ஓர் இரும்புக் குழாயைச் சிமெண்டு போட்டு நிறுத்தினார்கள். அடியில் வெள்ளை, நடுவில் மஞ்சள், மேலே சிவப்பு. வெள்ளையில் பன்னிரண்டு கறுப்புக் கோடுகள். பன்னிரண்டாவது கோட்டில் மஞ்சள் தொடங்கும், அதுதான் சாலையின் மட்டம்.

செல்வராணி ஒரே தாளில் விதிகளை எழுதினாள். தண்ணீர் குழாயின் காலுக்கு வந்தால் முதல் நிலை: கார்களை மேட்டில் ஏற்று, சபாபதி காளிதாஸை வேனில் குளுவாங் கொண்டுபோக வேண்டும். மஞ்சளைத் தொட்டால் இரண்டாம் நிலை: சாலை இல்லை, சாமான்களை ஏற்று. சிவப்பைத் தொட்டாலோ கம்பத்துக்குள் தண்ணீர் வந்தாலோ மூன்றாம் நிலை: எல்லோரும் மேட்டில் இருக்கும் தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்கு, நோயாளிகள் மண்டபத்தில் உட்கார்ந்து படகுக்குக் காத்திருக்க வேண்டும். கடைசி விதியைச் சிவப்பு மையில் எழுதினாள்: தண்ணீரைப் பார்க்கப் போகாதீர்கள். போன முறை பாதி ஊர் தண்ணீரைப் பார்க்கப் போய்த்தான் நேரத்தைத் தொலைத்திருந்தது.

அவள் முதலில் எழுதியது, 'போஸ்ட்டுக்குத் தண்ணீர் வந்தால்' என்று. சபாபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"என்னம்மா இது, போஸ்ட்டு? கோயில் பலகையில ஒட்டப்போறோம். நல்ல தமிழ் இல்லையா?"

"எல்லாருக்கும் புரியணும்ண்ணே."

"தமிழுக்கு என்ன, புரியாதா?" என்று சொல்லிப் போஸ்ட்டை அடித்துவிட்டு, நிறுத்தி நிதானமாக, அழகான கையெழுத்தில் 'கம்பம்' என்று எழுதினார். பாலத்தருகே பத்துப் பேர் கூடியிருந்தார்கள். பத்துப் பேரும் தலையாட்டினார்கள். செல்வராணியும் ஆட்டினாள். குழாய் எதிரில் நின்றுகொண்டிருக்கும்போது கம்பம் என்றால் அது வேறு எதுவாகவும் தோன்றவில்லை.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. மூன்று நாளாக மழை விடவில்லை. செல்வராணி காலையில் வேலைக்குப் போகும்போது பாலத்தில் நிறுத்திப் பார்த்தாள், தண்ணீர் வாய்க்காலுக்குள்தான் இருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குக் காளிதாஸ் மெஷினில் இருக்க வேண்டும்.

மதியம் ஒன்று பத்துக்கு மகேஸ்வரன் சபாபதிக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினான். பின்னால் ஆடுகள் கத்தின.

"அண்ணே, கம்பத்துக்குத் தண்ணி வந்துருச்சு. நான் ஆட்ட ஏத்தப் போறேன்."

பிறகு கைப்பேசியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் காற்சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆடுகளை ஏற்றப் போய்விட்டான். விதிப்படி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டான்.

சபாபதி அப்போது கோயில் அலுவலகத்தில் இருந்தார். கோயில் மேட்டில் இருக்கிறது, கீழ்வரிசை வீடுகள் அங்கிருந்து தெரியாது. பதிவை இரண்டு முறை கேட்டார். கம்பத்துக்குத் தண்ணி வந்துருச்சு. பிறந்ததிலிருந்து அறுபத்து நாலு வருடமாக அவருக்கு அந்த வாக்கியத்தில் ஒரே அர்த்தம்தான். ஒரு எட்டு இறங்கிப் பார்க்கலாமென்று எழுந்தார். பலகையில் சிவப்பு மையில் இருந்ததைப் படித்தார். உட்கார்ந்து மைக்கைப் போட்டார்.

"அன்பார்ந்த பொதுமக்களே, கம்பத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. சாலை துண்டிக்கப்பட்டுவிட்டது. மூன்றாம் நிலை. அனைவரும் மண்டபத்துக்கு வரவும். தண்ணீரைப் பார்க்கப் போக வேண்டாம்."

சாலை துண்டிக்கப்பட்டதாக யாரும் அவரிடம் சொல்லவில்லை. தாளில் அப்படி இருந்தது. மூன்றாம் நிலை என்றால் இரண்டாம் நிலை முடிந்திருக்க வேண்டும், அதைத்தான் செல்வராணி நாலு கூட்டத்தில் விளக்கியிருந்தாள்.

கம்பம் நாற்பது நிமிடத்தில் காலியானது. ஒவ்வொருவரும் வாசலில் தண்ணீர் இல்லாததைக் கண்டார்கள், கம்பத்தின் அந்தப் பக்கம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் இந்தப் பக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். குளிர்பெட்டிகள் மேசையில் ஏறின. காளிதாஸ் மருந்துப் பையோடு மண்டபத்துக்கு வந்து, நோயாளிகள் என்று எழுதியிருந்த நாற்காலியில் அமர்ந்தான்.

இரண்டு மணிக்கு வாட்சாப் குழுவில் ஒரு படம் வந்தது. அனைவரும் பத்திரம் என்று சபாபதி எழுதியிருந்தார். படத்தின் நடுவில் காளிதாஸ், கையில் மைலோ குவளை.

செல்வராணி ஸ்டோரில் நின்றபடியே அதைப் பார்த்தாள். முதலில் குவளையைப் பார்த்தாள், பெரிய குவளை. பிறகு சுவரைப் பார்த்தாள். திருகாணி அட்டைகளுக்குப் பக்கத்தில் அவள் அந்தத் தாளின் ஒரு பிரதியை ஒட்டியிருந்தாள். பாலத்தில் தண்ணீர் கால் தொட்டு நாலு மணி நேரம், பிறகு ஏழு மணி நேரம். காலை ஏழரைக்கு வாய்க்காலுக்குள் இருந்தது. எப்படிக் கணக்குப் போட்டாலும் மாலை ஆறரைக்கு முன்னால் கம்பத்துக்குள் வர முடியாது. ஒரு பெட்டி இருநூறைத் தொடாமல் காலியாகாது. காலி என்று யாராவது வந்து சொன்னால், அவர்கள் வேறு பெட்டியைப் பார்த்திருக்கிறார்கள்.

மகேஸ்வரன் மூன்றாவது அழைப்பில்தான் எடுத்தான்.

"மகேஸு, தண்ணி எங்க இருக்கு?"

"கம்பத்துலக்கா. அப்பவே சொல்லிட்டேனே."

"எந்தக் கம்பத்துல?"

"நம்ம கம்பத்துல."

"நம்ம கம்பத்துலன்னா, எங்க வீட்டு கம்பமா, ஒங்க பட்டிகிட்ட இருக்குற கம்பமா?"

ஆடுகள் கொஞ்ச நேரம் பேசின.

"அலமாக்," என்று மலாயில் பதறினான் மகேஸ்வரன்.

அடுத்தபடியாக அவள் காளிதாஸை அழைத்தாள்.

"ஏங்க, ரோடு தொறந்துதான் இருக்கு. சபாபதி அண்ணன வேன எடுக்கச் சொல்லி ஒடனே கெளம்புங்க."

"ரோடு கட்டாயிருச்சு ராணி. மைக்ல சொன்னாங்க."

"மைக்ல தப்பா சொல்லிட்டாங்க லா."

"நீ குளுவாங்ல இருக்க. நான் இங்க இருக்கேன்." அவன் குரலில் கோபமில்லை. "ஒன்னோட தாளத்தான் கையில வெச்சிருக்கேன். மூணாம் நிலை. நோயாளி மண்டபத்துல ஒக்காரணும், படகுக்குக் காத்திருக்கணும். ஒக்காந்துருக்கேன். காத்திருக்கேன். வாழ்க்கையில மொத தடவ நீ சொன்னத அப்படியே செய்யறேன், அதுக்கும் திட்டுற."

"மைலோ எத்தன கப்பு குடிச்சீங்க?"

"ஒண்ணு."

"எத்தன?"

"ஒண்ணரை."

அதாவது இரண்டு. சபாபதியை அழைத்தாள், அவர் மைக்கில் இருந்தார். படகு வர எத்தனை நாளாகும் என்பது அவளுக்குத் தெரியும், போன முறை ஐந்து. மேலாளரிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

மழையில் வேகமாக ஓட்ட முடியவில்லை. பாலத்துக்கு வந்தபோது மூன்று பத்து. காரை நிறுத்திக் குடையில்லாமல் இறங்கிக் குழாயைப் பார்த்தாள். ஏழு கோடு முழுகியிருந்தது. இரண்டு மணி நேரத்தில் ஏழு. மணிக்கு மூன்றரை. மிச்சம் ஐந்து கோடு, அதற்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. நாலு முப்பத்தைந்துக்குச் சாலை போய்விடும். தாளில் இருந்ததைவிட அரை மணி முன்னால். அவளுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் எண்ண முடிந்ததில் ஒரு நிம்மதி இருந்தது. அதற்காகத்தானே கோடு போட்டது.

மண்டபத்தில் சபாபதி வாசலிலேயே நின்றிருந்தார். மகேஸ்வரன் அவருக்கும் போன் செய்திருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

"அண்ணே, மைக்ல சொல்லுங்க, ரோடு இருக்குன்னு."

"மைக்ல சொன்னத மைக்லயே மாத்தினா, நாளைக்கு மைக்குக்கு என்னம்மா மரியாத? அடுத்த தடவ நெசமாவே வந்தா எவன் எந்திரிப்பான்?"

சொன்னவர் வெட்கத்தில் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா என்பது தெரியவில்லை. ஆனால் செல்வராணிக்கு அதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. மழை நிற்பதாக இல்லை. இரவுக்குள் தண்ணீர் வரத்தான் போகிறது. அறுபது குடும்பம் ஒன்பது மணி நேரம் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பதால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை.

"சரிண்ணே, எல்லாரும் இருக்கட்டும். இவங்க சீக்கிரம் வந்துட்டாங்க, அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரரு ஒருத்தருதான் லேட்டு."

"கம்பம்னு யாரு எழுதினது? அதான் எல்லாத்துக்கும் காரணம்."

"நீங்கதாண்ணே."

சபாபதி பலகையின் திசையில் பார்த்தார். பிறகு, "பைய நான் எடுத்துட்டு வர்றேன்," என்றார்.

காளிதாஸ் நாற்காலியை விட்டு எழுவதற்கு இருபது நிமிடம் ஆனது. சாலை இல்லை என்று அறுபது பேர் அவனிடம் சொல்லியிருந்தார்கள், உண்டு என்று மனைவி மட்டும் சொன்னாள். நோயாளி நாற்காலியைக் காலி செய்தால் படகில் இடம் போய்விடும் என்று வேறு பயந்தான்.

"படகு வரலன்னா என்ன பண்ணுவீங்க?"

"நீ வருவ."

"வந்துட்டேன்ல?"

அவன் அதை யோசித்துப் பார்த்து, பையைக் கேட்டான். வாசல்வரை நடப்பதற்குள் ஒரு முறை நின்றான். செருப்பின் வார் அவன் காலை அழுத்தி ஒரு கோடு விழுந்திருந்தது. செல்வராணி குனிந்து அந்தக் கோட்டின் பக்கத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அவனைக் காரில் ஏற்றினாள்.

பாலத்தில் பத்துக் கோடு முழுகியிருந்தது. இரண்டு கோடு பாக்கி. சாலையில் மழைத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் இல்லை. கடந்து போக எட்டு விநாடி ஆனது.

"அவ்வளவுதானா?" என்றான் காளிதாஸ். "இதுக்கா இவ்வளவு சத்தம்?"

"அவ்வளவுதான்."

சாலை நாலரைக்குப் போனது. அவள் சொன்னதற்கு ஐந்து நிமிடம் முன்னால். அன்றிரவு தண்ணீர் கம்பத்துக்குள் வந்தபோது அங்கே நனைவதற்கு ஆள் யாரும் இல்லை. சாலை நாலு நாள் திறக்கவில்லை. வெள்ளி காலை ஏழு மணிக்குக் காளிதாஸ் மெஷினில் இருந்தான். திங்கட்கிழமையும் இருந்தான். நடுவில் குளுவாங்கில் அவன் அக்காள் தனலெட்சுமி வீட்டில் தங்கினான், உப்பில்லாமல் சமைத்ததற்காக அவளிடம் சண்டை போட்டான். உப்பில்லாமல் சமைக்கச் சொன்னது டாக்டர்.

ஒரு குளிர்பெட்டிகூடப் போகவில்லை. வெள்ளம் வருவதற்கு முன்பே வெளியேறிய ஒரே கம்பம் என்று அதிகாரிகள் சபாபதிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதை மறுக்கவில்லை, போர்த்திக்கொண்டே அடுத்த குழுக் கூட்டத்துக்கு வந்தார். ஒரே தீர்மானம்: பாலத்துக் கம்பத்தின் பெயரை மாற்றுவது.

கட்டை என்று வைக்கலாம் என்றார்கள். ஊரில் மைல் தூரத்தைக் கட்டை என்பதால், மூணாம் கட்டையில் தண்ணி என்று யாராவது ஆரம்பித்தால் என்னாவது? தூண் என்றார்கள். கோயிலில் பதினாறு தூண் இருக்கிறது. போஸ்ட் என்று மெல்லிய குரலில் ஒருவர் சொன்னார், சபாபதி பொன்னாடையைச் சரிசெய்தார்.

"மனுசன் பேரு வெச்சுருவோம்," என்றான் மகேஸ்வரன். "ஊர்ல ஒருத்தருக்குத்தான் இருக்கணும். மழையில நனைஞ்சிக்கிட்டு, ஒரு வேலையும் செய்யாம, கொஞ்சம் சாஞ்சாப்புல நிக்கிது. காளிதாஸ் அண்ணன் பேரு வைக்கலாம்."

"என்னக் கேக்க மாட்டீங்களா?" என்றான் காளிதாஸ்.

கேட்கவில்லை. கைதட்டினார்கள். செல்வராணி மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தாள். முதல் நிலை, காளிதாஸ் காலுக்குத் தண்ணி வந்தால். இதையும் இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒரு விதத்தில் படித்தால் காளிதாஸை உடனே குளுவாங் கொண்டுபோக வேண்டும். இன்னொரு விதத்தில் படித்தாலும் காளிதாஸை உடனே குளுவாங் கொண்டுபோக வேண்டும். ஸ்டோரில் இப்படி ஒரு பெயர்ச்சீட்டு அவளுக்கு இதுவரை அமைந்ததில்லை. எழுதி, அடிக்கோடு போட்டாள்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பது நாளாக மழை இல்லை. ஆட்டுப்பால் கொடுக்க வந்த மகேஸ்வரன் காளிதாஸின் வீங்கிய கணுக்காலைப் பார்த்தான். முந்தின நாள் யார் வீட்டிலோ திருமண விருந்து, காளிதாஸ் ஊறுகாயில் கைவைத்திருக்கிறான். மகேஸ்வரன் குரல் பதிவு அனுப்பினான்.

"அண்ணே, காளிதாஸ் காலுக்குத் தண்ணி வந்துருச்சு."

சபாபதி எந்தக் காளிதாஸ் என்று கேட்கவில்லை. மைக்கில் சொல்லிவிட்டு வேனை எடுத்தார். பத்தே நிமிடத்தில் காளிதாஸ் வேனில் இருந்தான். நல்ல வெயிலில் கம்பத்துக் கார்கள் எல்லாம் வரிசையாக மேட்டில் ஏறின.

செல்வராணி ஸ்டோரிலிருந்து மகேஸ்வரனை அழைத்தாள்.

"மழையே இல்லையே மகேஸு?"

"இல்லக்கா. இது உங்க காளிதாஸு."

அவள் சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். வேன் இந்நேரம் பாலத்தைத் தாண்டியிருக்கும். டயாலிசிஸ் நிலையத்துக்குப் போன் செய்து, ஆள் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திருகாணிகளை எண்ணத் தொடங்கினாள்.